அப்பாவின் விரதமும் ஒரு சுண்டெலியும்

எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டுக்குள் எலி நுழைந்தாலும், பாம்பு நுழைந்தாலும், முதலில் என் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குள் கேட்டுக்கு வெளியே யாராவது வந்து நிற்பார்கள். சீன ஆன்டியாக இருக்கும், மலாய்க்காரப் பாட்டியாக இருக்கும். அப்பா காலில் கிடக்கும் ஜப்பான் சிலிப்பரில் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றொன்றோடு நடந்து போவார். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்கும். ஒரே ஒரு சத்தம். அவருடைய குறி தப்பி நான் பார்த்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாரே தவிர, அதில் அவருக்கு நிறையவே பெருமை இருந்தது.

அப்பேர்ப்பட்டவருடைய வீட்டுக்குள்ளேயே ஒரு சுண்டெலி வந்து சௌகரியமாகக் குடித்தனம் நடத்தியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த வருஷம் அப்பா தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அம்மா பிள்ளை உண்டாகியிருந்தார். எனக்குப் பிறகு இரண்டு தடவை பிள்ளை வயிற்றில் நிற்காமல் போயிருந்தது. இது நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து வெகுநாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்ததும், அப்பா எனக்குத் தலை வாரத் தெரியாமல் வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியதும்தான். இந்தத் தடவை அப்பா யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அதற்கு முன் அவர் கோயிலுக்குப் போவதென்றால் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பதுதான். அம்மா அவரையும் மாலையையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் மீன் சட்டியைக் கழுவிப் பரண்மேல் எடுத்து வைத்தார்.

புதிதாகப் பக்தி வந்தவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. எதையும் பாதியாகச் செய்யமாட்டார்கள். மாமிசமில்லை, சிகரெட் இல்லை, தரையில் பாய், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல் என்பதோடு மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அப்பா இன்னும் போனார். கோபப்படக் கூடாது என்றார். லோரிக்குக் குறுக்கே வருகிறவர்களைத் திட்டக் கூடாது என்று அவருக்கு அவரே சட்டம் போட்டுக்கொண்டார். எந்த உயிருக்கும் கெடுதல் செய்யக் கூடாது என்பதில் மிகக் கறாராக இருந்தார். அவர் கையில் கொசு உட்கார்ந்தால் வாயால் ஊதி அனுப்புவார். நான் ஒரு தடவை பழக்கதோஷத்தில் ஒரு கொசுவை அடித்துவிட்டேன். அப்பா என் உள்ளங்கையைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

எலி வந்திருப்பது முதலில் கோலத்தில்தான் தெரிந்தது. விரதம் தொடங்கியதிலிருந்து அம்மா தினமும் சாமி மேடைக்கு முன்னால் அரிசி மாவில் சின்னதாக ஒரு கோலம் போடுவார். ஒரு நாள் காலையில் பார்த்தால் கோலத்தின் ஒரு பக்கம் கலைந்திருந்தது. நெய் விளக்கில் போட்டிருந்த திரியைக் காணோம். பழி வழக்கம்போல் என்மேல் விழுந்தது. நான் கோலத்துக்குப் பக்கத்தில் காலை வைத்துக் காட்டி, இது என் கால் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்பா வந்து குந்தி உட்கார்ந்து, கன்னம் தரையில் படும்படி குனிந்து பார்த்தார். பச்சை டைல்ஸின் மேல் மாவில் பதிந்த புள்ளிகள் வரிசையாக அரிசி வாளிப் பக்கம் போயிருந்தன. அப்பாவின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

சுண்டெலி என்றார். சின்னது, ஒன்றே ஒன்றுதான், ஸ்டோர் ரூம் வழியாக வந்திருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே கை தானாகக் காலடியில் சிலிப்பரைத் தேடியது. பிறகு கழுத்தில் கிடந்த மாலை ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அம்மா அது சுண்டெலி என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. மூஞ்சூறு என்றார். சாப்பாட்டு மேசையில் ரொட்டி இருந்தது, வாழைப்பழம் இருந்தது, அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சாமி மேடைக்குப் போயிருக்கிறதே, சும்மா எலி அப்படிப் போகுமா என்பது அவருடைய வாதம். பிள்ளையாரின் வாகனம் அவர் தம்பி முருகனுக்கு விரதம் இருக்கிற வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறது என்றே முடிவு செய்துவிட்டார். அப்பா சாயங்காலம் வந்து மைலோ பாக்கெட்டின் மூலையை எடுத்துக் காட்டினார். பொடிப்பொடியாகக் கொறித்திருந்தது. மூஞ்சூறு இப்படிக் கொறிக்காது, அதற்கு மூக்கு நீளம், பக்கத்தில் போனாலே ஒரு வாடை அடிக்கும், இது எலிப் பல் என்று நிதானமாக விளக்கினார். அம்மா நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். அப்பா பார்க்கவில்லைதான். எனவே அது மூஞ்சூறாகவே இருந்தது. மூஞ்சூறு என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் அம்மா அப்படிச் சொன்னாரோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வசதி மாதாந்திரப் பரிசோதனைக்குக் கிளினிக் போனதோடு முடிந்தது. நானும் கூடப் போயிருந்தேன். சுவரில் ஒரு பெரிய எலிப் படமும், அதன்மேல் சிவப்புக் கோடும், கீழே மலாயில் நிறைய எழுத்தும் இருந்தன. அம்மா யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்பதுபோல் நர்ஸ் மிஸ்ஸியிடம் விசாரித்தார். மிஸ்ஸி நம்மவர்தான். இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைச் சுருட்டிக்கொண்டே தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"எலி மூத்திரத்துல வர காய்ச்சல் வயித்துப் பிள்ளைக்கு ரொம்ப ஆபத்துக்கா. உங்க வீட்ல இருந்தா இன்னிக்கே ஒழிச்சிடுங்க."

அம்மா வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் முழுவதையும் இறக்கி வெந்நீரில் கழுவினார். அப்பா வந்ததும் மிஸ்ஸி சொன்னதைச் சொன்னார். அப்பா சிறிது நேரம் மாலையின் உருத்திராட்சத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். எலி இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. எலியைக் கொன்றால் விரதம் போய்விடும், அந்த விரதமும் அதே பிள்ளைக்காகத்தான். போதாததற்கு, வயிற்றுப் பிள்ளைக்காரி வீட்டில் புருஷனோ பெண்டாட்டியோ ஒரு உயிரை எடுத்தால் அது பிள்ளையைத் தாக்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் நம்புவார்கள். விரதம் இல்லாத வீட்டிலேயே அப்படித்தான். அப்பா மறுநாள் இரும்புக் கடையில் ஒரு கம்பிக் கூண்டு வாங்கி வந்தார். உயிரோடு பிடித்து எங்கேயாவது தூரத்தில் விட்டுவிடுவது என்று திட்டம்.

எலிக்கூண்டுக்கு நெத்திலிக் கருவாடுதான் வைப்பார்கள். எங்கள் வீட்டில் கருவாடு ஏறக்கூடாத காலம். ஆகவே கூண்டில் உளுந்து வடை வைத்தார்கள். விரதக்கார வீட்டு எலிக்கு விரதக்கார வீட்டுச் சாப்பாடு. இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை கூண்டு சாத்திக் கிடந்தது. உள்ளே ஒன்று கீச்சுக் கீச்சென்று சுற்றிச் சுற்றி ஓடியது. வடைக்காகப் போனதோ, வடையைத் தின்ன வந்த கரப்பானுக்காகப் போனதோ தெரியாது. அம்மா குனிந்து பார்த்தார். நீண்ட மூக்கு. சின்னக் கண். கூடவே அந்த வாடை.

அசல் மூஞ்சூறு.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பிக்குக் காவடி எடுக்கப் போகிற வீட்டில் அண்ணனின் வாகனத்தைக் கூண்டில் போட்டு ஒரு இரவு முழுக்கப் பூட்டி வைத்திருக்கிறோம். அவர் கூண்டுக்கு முன்னால் சிரமப்பட்டு முட்டி போட்டு, தெரியாமல் நடந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்பா, நான் சொன்ன எலி வேறு, இது வேறு என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் போட்டுக்கொண்டார்.

சும்மா சாக்கடையில் விட அம்மா சம்மதிக்கவில்லை. பிள்ளையார் கோயிலில்தான் விட வேண்டும் என்றார். அப்பா கூண்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நான் மோட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து மடியில் கூண்டை வைத்துக்கொண்டேன். ரயில் பாதை ஓரம் இருந்த சின்னக் கோயில் அது. குருக்கள் துண்டைப் பார்த்துவிட்டு ஏதோ அபிஷேகச் சாமான் என்று கையை நீட்டினார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் கையை இழுத்துக்கொண்டார். இங்கே இருப்பதே போதுமையா, மடப்பள்ளியில் பருப்பு மூட்டையை விட்டு வைக்கவில்லை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புல்லில் விட்டுவிடுங்கள், அதுவாக வழி கண்டுபிடித்து வந்துவிடும் என்றார். வாகனத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கோயிலில் விட்டோம் என்று நாங்கள் இருவரும் சொன்னோம்.

அன்றைக்கு மறுநாள் கோலத்தில் மறுபடியும் அதே புள்ளிகள் இருந்தன. இந்தத் தடவை அம்மா மூஞ்சூறு என்று சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பாய் குடும்பம் இருந்தது. லிட்டில் இந்தியாவில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். தீபாவளிக்கு எனக்குப் பாவாடைத் துணி அவர்தான் கொடுப்பார். விஷயத்தைக் கேள்விப்பட்டு, தன் வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கொழுத்த பூனை. பூனை எலியைப் பிடித்தால் அந்தப் பாவம் யாருக்கு என்று வாசலிலேயே ஒரு விசாரணை நடந்தது. பூனையின் இயல்பு அது, அல்லா அதை அப்படிப் படைத்திருக்கிறார், உங்களுக்கு அதில் பங்கில்லை என்றார் பாய். நாங்கள் கூப்பிட்டு உள்ளே விட்டால் எங்களுக்குப் பங்கு உண்டே என்று அப்பா யோசித்தார். கடைசியில், சும்மா பயமுறுத்துவதற்கு மட்டும் என்ற ஒப்பந்தத்தில் பூனை உள்ளே வந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியது. சாயங்காலம் அம்மா வைத்த தயிர்ச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, கம்பீரமாக எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு கூப்பிட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காப்பாரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. தோட்டத்தில் எலித் தொல்லை அதிகம் என்பதால் எலி விஷயத்தில் தன்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு. ஸ்டோர் ரூமில் தரையோடு தரையாகப் படுத்து, கருப்பு அரிசி மாதிரிக் கிடந்த புழுக்கையைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, அப்பா முதல் நாளே சொன்னதை அரை மணி நேரம் விளக்கிச் சொன்னார். தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள், ஒன்றைக் கொண்டுவரவா என்று கேட்டார். பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு ஆந்தையைக் கொண்டுவருகிறானாம் என்று அம்மா அடிக்கக் கை ஓங்கினார். அப்போதுதான் மாமா மோட்டர்க் கூடையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். எலி ஒட்டிக்கொள்கிற காம் அட்டை.

"மச்சான், நீங்கதானே விரதம்? நான் இல்லையே. நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போங்க. நான் பாத்துக்கறேன் லா."

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீ அடிச்சாலும் பூனை கடிச்சாலும், என் வீட்டுக்குள்ள நடந்தா அது என் விரதத்துலதான் சேரும் மாப்ள. இந்தப் பிள்ளை விஷயத்துல நான் எதுலயும் குறை வைக்க மாட்டேன்."

அம்மாதான் அதை முதலில் ஆமோதித்தவர். அவர் சொல்வதுதான் சரி, அந்தக் கண்றாவியை எடுத்துக்கொண்டு போ என்று தம்பியை விரட்டினார். மாமா சாப்பிட்டார், தூங்கினார், காப்பி குடித்தார், போய்விட்டார். அட்டையை ஐஸ்பெட்டிக்கு மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு அப்பா செய்யாதது எதுவும் இல்லை. பைப் நுழைகிற ஓட்டையையெல்லாம் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்டு பூசினார். ஸ்டோர் ரூமில் இரவும் பகலும் விளக்கு எரியவிட்டார். பாச்சை உருண்டை போட்டார். அந்த வாடைக்கு அம்மா வாந்தி எடுத்ததால் அதைப் பொறுக்கி வெளியே எறிந்தார். எதற்கும் மசியாமல் போகவே, ஒரு நாள் சாயங்காலம் ஸ்டோர் ரூம் வாசலில் குந்தி உட்கார்ந்து எலியிடமே பேசிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள்தான், நீயாகப் போய்விடு, உன்னையும் நான் ஒன்றும் செய்யவில்லை, எங்களையும் நீ ஒன்றும் செய்யாதே என்று, முதலாளியிடம் லீவு கேட்கிற குரலில் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எலிக்கும் இது புரிந்துவிட்டதோ என்னவோ, பயம் விட்டுப்போய்விட்டது. பகலிலேயே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும். அம்மாவின் தண்ணீர்க் குவளையை மூடியிருந்த தட்டின்மேல் ஒரு நாள் புழுக்கை கிடந்தது. அம்மா அந்தக் குவளையையும் தட்டையும் குப்பையில் போட்டார். அடுத்த நாள் அவர் மத்தியானம் படுக்கிற மெத்தையில், தலையணைக்கு அடியில் கிடந்தது. அந்த வாரமே அம்மாவுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துக்கொண்டு, சாதாரணச் சளிக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். இருந்தாலும் முடிவு வருகிறவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

காய்ச்சல் விட்ட அன்று மாலை, எலி சமையலறையின் நடுவில் ஓடி, பாத்திர அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. அப்பா அங்கேயே நின்றிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து சிலிப்பரைக் கழற்றினார். சாமி என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று முணுமுணுத்தார். அம்மா அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கீழ போடுங்க. இத்தனை நாள் இருந்துட்டு இப்ப கெடுத்துக்காதீங்க. உங்க விரதத்தை நம்பித்தான் நான் இருக்கேன்."

அப்பா சிலிப்பரைக் கீழே போட்டார். எலி நிதானமாக வெளியே வந்து ஸ்டோர் ரூமுக்குப் போனது. அப்பா வெளியே போய் கேட்டருகில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் பள்ளி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, என்னை ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கும்போது ஸ்டோர் ரூமில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. விட்டுவிட்டுக் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்தார். ஸ்டோர் ரூமுக்குப் போய் இரண்டு கையாலும் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். அப்போதுதான் ஐஸ்பெட்டியின் மேல் பார்த்தேன். அங்கே செய்தித்தாள் மட்டும் கிடந்தது.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் எங்கள் வீட்டை ஆட்டி வைத்தது என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. காது வட்டமாக இருந்தது. ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் விலா வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதா இருக்கு," என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, பின்வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாளி நிறைகிற சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினார். அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. பாய் வீட்டில் வானொலியில் மத்தியானச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி முடிந்து பாட்டுப் போட்ட பிறகும் அம்மா வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எலியைப் பற்றியல்ல, அப்பாவின் விரதத்தைப் பற்றி. வீட்டுக்குள் நடந்தால் அவருடைய விரதத்தில் சேரும் என்று அவர் சொன்னது என் காதில் இருந்தது. பின்வாசல் வீட்டுக்குள் சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா உள்ளே வந்தபோது புடவையின் கீழ்ப் பக்கம் நனைந்திருந்தது. அப்பாவுடைய விரதம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகல. அவர் விரதம் அவருக்கு. இது எனக்கு. நீ அப்பாகிட்ட சொல்லாதே மா."

பிறகு குளியலறைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். காய்ச்சல் விட்டு நாலைந்து நாள்கூட ஆகவில்லை. தலைக்கு ஊற்றக் கூடாது என்று கிளினிக்கிலிருந்து வந்த அன்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டார். தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். அதுவரை நான் தீப்பெட்டியைத் தொட்டாலே முதுகில் ஒன்று விழும். சமையலறை வாசலில் நின்றுகொண்டே, திரியை இப்படித் தூண்டு, குச்சியை அப்படிப் பிடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கிட்டே வரவில்லை. மறுநாளிலிருந்து கோலமும் என் வேலை ஆனது. பூ வைப்பது, கற்பூரம் காட்டுவது எல்லாம் என்னிடம் வந்துவிட்டது. நான் பெரியவளாகிவிட்டேன் என்று அம்மாவுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவளிடம், எங்கள் வீட்டில் நான்தான் பூசை செய்கிறேன் என்று அளந்தேன். அப்பா ஏன் என்று கேட்டதற்கு, வயிற்றை வைத்துக்கொண்டு குனிய முடியவில்லை என்று அம்மா சொன்னார். அது உண்மையும்கூட.

என் கோலம் கோணலாக இருந்தாலும் அதற்குப் பிறகு எந்த நாளும் கலையவில்லை. கூண்டில் வைத்த வடை காய்ந்து கல்லானது. அப்பா தினமும் காலையில் குனிந்து தரையைப் பார்ப்பார். ஒரு வாரம் போனதும் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதுவாகப் போய்விட்டது என்று மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு லோரிக்காரர் எலிக்காக அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்றைக்கும் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். பூனை, ஆந்தை, மூஞ்சூறு எல்லாம் வரும். வருஷத்துக்கு வருஷம் எலி பெரிதாகிக்கொண்டே போகிறது. கடைசியில், ஒரு உயிரையும் கொல்லாமல் முருகனே அதை வெளியே அனுப்பிவிட்டார், அதனால்தான் இவன் பிறந்தான் என்று என் தம்பியின் முதுகில் தட்டுவார். தம்பி இப்போது அப்பாவைவிட உயரம். அம்மா அந்த நேரத்தில் எப்போதும் எழுந்து போய் எல்லாருக்கும் காப்பி கொண்டுவருவார். அவர் என்னைப் பார்க்கமாட்டார். நானும் அவரைப் பார்க்கமாட்டேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி இதுவரை பேசிக்கொண்டதில்லை. சாமியை விட்டு அத்தனை மாதம் எட்டி நின்றவர் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருப்பார் என்பதை, எனக்கு ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் நான் முழுசாக நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு என்னால் தூங்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தைப்பூசத்தன்று எனக்கு ஒரு கவலையும் இல்லை. பத்துமலைக் கூட்டத்தில் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது என்பதால் அப்பா கிள்ளானிலேயே பால் காவடி எடுத்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மாமா அவர் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தார். நான் மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு கூடவே ஓடினேன். கோயிலுக்குள் எல்லாரும் போனோம். அம்மா மட்டும், கூட்டமாக இருக்கிறது, வயிற்றில் யாராவது இடித்துவிடுவார்கள் என்று சொல்லி வெளியே பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டார்.

காவடியை இறக்கிவிட்டு அப்பா வெளியே வந்தார். தோளெல்லாம் சிவந்திருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. உள்ளங்கை நிறையத் திருநீறு வாங்கி வந்திருந்தார். முதலில் என் நெற்றியில் பூசினார். மாமாவுக்குப் பூசினார். பிறகு அம்மாவிடம் வந்து கையைத் தூக்கினார். அம்மா தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் கையைப் பிடித்து, மிச்சமிருந்த திருநீற்றைத் தன் உள்ளங்கையில் வாங்கி, புடவைக்கு மேலேயே வயிற்றில் பூசிக்கொண்டார். ஒரு துளிகூட நெற்றிக்குப் போகவில்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கு இல்லையா மா?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு வேணாம். அதுக்கு மட்டும் போதும்."

நான் அப்பாவின் கையை விரித்துப் பார்த்தேன். காலியாக இருந்தது. திருநீறு கொஞ்சம்தானே, இரண்டு பேருக்குக் காணாது என்று நினைத்துக்கொண்டேன்.